பூட்டிய கூண்டில் ஒரு முட்டை

"என் கோழிகளுக்கு இனிமே யாரோட அனுமதியும் வேண்டாம் சார்."

நர்சம்மா சொன்ன தோரணையில் சுகாதார ஆய்வாளருக்கு எரிச்சல்தான் வந்தது.

"கொல்லையில கோழி வளர்க்க அனுமதி கேட்டு மனு குடுத்தது நீங்கதானேம்மா?"

"அது போன வருஷம். உங்க ஆளுங்க வண்டியோட வந்து என் கோழிகளைப் பிடிச்சிட்டுப் போனப்ப குடுத்தது. இப்பத்தான் நகர்ந்து வந்திருக்கு போல."

"அனுமதி வர்ற வரைக்கும் கோழி வெச்சிருக்கக் கூடாது. இப்ப இருக்கா, இல்லையா?"

"இருக்கு. கண்ணுக்குத்தான் தெரியாது."

ஆய்வாளர் பேனாவை மூடினார். ஆபீசுக்குப் போகிற வழியில் சட்டென்று முடித்துவிடலாம் என்று விடிந்ததும் விடியாததுமாக வந்தது தப்பாகப் போயிற்று. ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. தனியாகவே இருந்து புத்தி பேதலித்துவிட்டதோ என்னவோ.

அப்போதுதான் கொல்லையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கொக்... கொக்... கொக்கொக்கொக்...

முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டுமே, அதே சத்தம். ஆனால் எங்கேயோ இடறியது. தொண்டை கட்டிய கோழி மாதிரி.

"ஓஹோ! இதுதான் கண்ணுக்குத் தெரியாத கோழியா?"

ஆய்வாளர் விடுவிடுவென்று பின்பக்கம் நடந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிடுகிற வேகம்.

கொல்லையில் பனி கலையவில்லை. மதிலையே பின்சுவராகக் கொண்டு ஒரு மரக்கூண்டு. அதன் கதவில் பெரிய பூட்டு. பூட்டின் மேல் படிந்திருந்த பனித்துளிகள் கலையாமல் அப்படியே இருந்தன. யாரும் தொட்டிருக்க முடியாது.

நர்சம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே கோழி இல்லை. ஒன்றுகூட இல்லை.

மூலையில் வைக்கோல் மட்டும் குழிந்திருந்தது, இப்போதுதான் எதுவோ எழுந்து போன மாதிரி. குழிக்குள் ஒரு முட்டை. பக்கத்தில் ஒரு செந்நிற இறகு.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உடம்புச் சூடு.

"என் செவலைதான் சார். எப்பவும் அந்த மூலையிலதான் போடும்."

"செவலையை எங்க ஆளுங்க கொண்டு போயிட்டாங்கன்னீங்க?"

"கொண்டுதான் போனாங்க. அன்னைக்கு மத்தியானமே வண்டியில செத்துக் கிடந்துச்சுன்னு உங்க ஆபீஸ்லயே சொன்னாங்க."

ஆய்வாளர் பேய், பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற மனிதர். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால், காலிக் கூண்டுக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

மெல்ல. சளி இழுக்கிற மூச்சு.

நர்சம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா ஒன்றுமே கேட்காதவர் போல முட்டையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்... மதிலுக்கு அந்தப் பக்கம் அளவு பார்த்துட்டு வந்துடறேன்."

அளவாவது ஒன்றாவது! அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

மதிலடியில் ஓர் உருவம் மண்டியிட்டிருந்தது. அதன் முகம், செங்கல் பெயர்ந்த ஓட்டையை ஒட்டியிருந்தது.

"யா... யாருய்யா அது?"

உருவம் திரும்பியது. பக்கத்து வீட்டு டிரில் மாஸ்டர். கோழிச் சத்தம் தாங்கவில்லை என்று போன வருஷம் ஆபீசுக்கு வந்து மேஜையைக் குத்திய அதே ஆள். ஒரு காலத்தில் பள்ளிக்கூட மைதானத்தையே நடுங்க வைத்த குரல் இப்போது கெஞ்சியது.

"சத்தம் போடாதீங்க சார். கடை முட்டைதான். இறகு அன்னைக்கு மதிலோரம் விழுந்து கிடந்தது. வெந்நீர்ல போட்டுச் சட்டைக்குள்ள வெச்சுக் கொண்டு வந்து, இந்த ஓட்டை வழியா கூண்டுல வைப்பேன்."

"அந்தக் கொக்கொக்?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எதுக்கு சார் இந்த வேலை?"

"வீட்டுக்காரி படுத்த படுக்கையா கிடந்தா. கோழிச் சத்தத்துல கண்ணை மூட முடியலைன்னு அழுதா. புகார் குடுத்தேன். கோழியும் போச்சு, அவளும் போயிட்டா. கடைசி வரைக்கும் அவளுக்கு ஊசி போட்டது யாருங்கறீங்க? இந்த அம்மாதான். ஏன்டா பாவி இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேக்கல சார்."

மாஸ்டர் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"தன் செவலையே திரும்பி வந்துட்டதா அந்த அம்மா நம்பிக்கிட்டிருக்கு. சொல்லிடாதீங்க. அனுமதியை மட்டும் குடுத்துடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

ஆய்வாளர் திரும்பி வந்தபோது பயமெல்லாம் போய், முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"உங்களுக்கு அனுமதி தந்தாச்சும்மா. இன்னைக்கே கோழி வாங்கிக்கலாம்!"

நர்சம்மா மதில் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொல்லைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேண்டாம் சார். ஆயுசெல்லாம் ஆஸ்பத்திரியில கழிச்சவ நான். மனுஷன் மூச்சு எது, கோழி மூச்சு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா...?"

"பொண்டாட்டி போனதுலேர்ந்து அவர் கதவையே திறக்கல. சாப்பாடு கொண்டுபோய் வெச்சா, வெச்ச இடத்துலயே காஞ்சு கிடக்கும். இப்பத்தான் இப்படி ஒரு சாக்குல எழுந்து கடைக்குப் போறாரு, அடுப்பு மூட்டறாரு. நிஜக் கோழியைக் கொண்டு வந்து விட்டுட்டா, நாளைக்குக் காலையில அந்த மனுஷன் எதுக்கு சார் எழுந்திருப்பாரு?"