பத்தாவது ரீல்

"கடைசி ரீல் எங்கேய்யா?"

படம் ஓட்டும் ஆபரேட்டரைக் கேட்டேன். மெஷின் அறை வாசலிலேயே நின்றார்.

அறுபத்தொன்றாம் வருஷம் வந்த வெளிநாட்டுப் படங்களில் சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்க எங்கள் திரைப்படச் சங்கம் உட்கார்ந்திருந்தது. முழுசாகப் பார்க்காத படத்துக்கு ஓட்டு கிடையாது. செயலாளர் என்ற முறையில் நான் போட்ட விதி அது.

அன்று ஓடியது, பல மாதம் கடிதம் எழுதி நான் வரவழைத்த படம். அதன் முடிவை எல்லா விமர்சகர்களும் புகழ்ந்திருந்தார்கள். முடிவு என்னவென்று ஒருவரும் எழுதவில்லை. மொத்தம் பத்து ரீல். ஒன்பதாவது முடிந்ததும் ஆபரேட்டர் ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டார்.

"அறுந்துபோச்சு சார்."

"ஒட்டிப் போடறதுக்கென்ன?"

"ஒட்டுற மாதிரி இல்ல."

"கொண்டா, பார்க்கலாம்."

"அந்த ரீல் பெட்டிய ரயில்ல திருப்பி அனுப்பிட்டேன் சார்."

"அதுக்குள்ளயா? காலையில பத்து ரீலையும் ஓட்டிப் பார்த்தேன், சுத்தமா இருக்குன்னு நீதானே சொன்னே?"



"மேல தனியா உட்கார்ந்து தண்ணி போட்டிருப்பான்" என்று பொருளாளர் என் காதைக் கடித்தார்.

"நமக்குத்தான் இந்தப் படமெல்லாம் பார்த்தா தூக்கம் வரும். இவன் ரீலையே தூங்க வெச்சுட்டான்" என்றார் பேராசிரியர்.

எல்லோரும் சிரித்தார்கள். விதிப்படி என் படத்தைப் பட்டியலிலிருந்து அடித்தார்கள். நான் ஆபரேட்டர் பக்கம் திரும்பினேன்.

"பொய் சொல்ற ஆளு இங்க வேண்டாம். நாளையிலேருந்து வராதே."

பன்னிரண்டு வருஷம் எங்களுக்குப் படம் ஓட்டியவர். ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால் மனம் இளகியிருப்பேனோ என்னவோ. சாவியை மேஜைமேல் வைத்தார்.

"வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிட்டுட்டுப் படுங்க சார்."

"எனக்கே புத்தி சொல்றியா? போய்யா வெளியே!"

போய்விட்டார். ஏதோ கிடங்கில் வாட்ச்மேனாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். பிறகு, இறந்துவிட்டார் என்றும்.

பதினெட்டு வருஷம் கழித்து, வேறோர் ஊரில் அதே படத்தைப் போட்டார்கள். போனேன். இந்த முறை பத்தாவது ரீலும் ஓடியது.

அதில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். கணவனின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டு, கடைசியில் அடங்கிப்போகிறாள். அந்த நேரம் அவன் ஒரு தியேட்டரில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறான்.

விளக்கைப் போட்ட பிறகும் நான் இருக்கையிலேயே இருந்தேன்.

ஆபரேட்டரை நான் விரட்டியதற்கு ஐந்து வாரம் முன்னால்தான் என் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தாள். அன்றும் நான் சங்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் டெலிபோன் மெஷின் அறையில்தான் இருந்தது. அவள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே போனாள் என்று அன்று நர்ஸ் போனில் சொன்னதைக் கேட்டவர், அந்த ஆபரேட்டர்.