கிளிக்குத் தெரிந்த மொழி

திரையில் அந்த வரியைப் படித்ததும் தினேஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

'இஸ்மாயில் பாய் வீட்டுக் கிளிக்கு மராத்திதான் தெரியும். தமிழில் கூப்பிட்டால் கடிக்கும்.'

அது லீலா அக்காவின் வரி.

புதுப் பேனா வாங்கினாலும் சரி, டைப்ரைட்டருக்கு ரிப்பன் மாற்றினாலும் சரி, அக்கா முதலில் எழுதிப் பார்ப்பது இதைத்தான். சின்ன வயதில் அவளே கட்டிய வாக்கியம். புனேயின் இந்தக் கட்கி குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

லீலா இறந்து நாளையோடு ஒரு வருஷம்.

முளா ஆற்றுப் பாலத்தில் செருப்பும் கைப்பையும் கிடந்தன. உடல் கிடைக்கவில்லை. மழைக்காலம், கரை புரண்ட வெள்ளம், எங்கே போய்த் தேடுவது என்று போலீஸ்காரர் கையை விரித்துவிட்டார்.

செருப்பை அடையாளம் காட்டியது அம்மா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள்.

நாளை ஒட்ட வேண்டிய நினைவஞ்சலி நோட்டீஸுக்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

தினேஷிடம் இருந்தது ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர். விண்டோஸ் 3.1. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே கடைக்காரர்கள் சிரித்தார்கள். "இதுல தமிழா? பங்கார்வாலாகிட்ட எடைக்குப் போட்டுடு பாய்" என்றான் ஒருவன்.

கேம்ப் ஏரியா பக்கம் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து தேடித் தேடி, கடைசியில் ஒன்றைப் பிடித்தான். எங்கோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலவசமாகக் கொடுக்கும் எடிட்டர். பழைய விண்டோஸிலும் ஓடும். ஒரே பக்கத்தில் தமிழும் மராத்தியும் அடிக்கலாம். ஒரு தன்னார்வலரின் உதவியோடு போன மாதம்தான் தமிழைச் சேர்த்தோம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள்.

தமிழ் மட்டும் போதாதா என்று வீட்டில் கேட்டுப் பார்த்தான். அம்மா மசியவில்லை.

"மராத்தி கண்டிப்பா வேணும்டா. மாப்ளைக்குத் தமிழ் படிக்க வராதில்ல."

மாப்பிள்ளை என்றால் அக்காவின் கணவர், சுந்தர் மாமா. புனேயிலேயே பிறந்து மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கசார்வாடியில் லேத் பட்டறை. அக்கா போன பிறகும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். சாப்பிடுவார். அப்புறம் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவார். அக்காவின் அலமாரியைத் திறந்து பார்ப்பார். தபால் ஏதாவது வந்ததா என்று கேட்பார்.

பாவம், மனசு ஆறவில்லை என்றுதான் தினேஷ் நினைத்திருந்தான்.

கல்யாணமான பிறகு அக்கா மே மாத வெயிலிலும் முழுக்கை ரவிக்கையோடு வந்து போனதை அவன் பெரிதாக நினைத்ததில்லை.

இன்று ஃப்ளாப்பியைப் போட்டு எடிட்டரைத் திறந்தான். எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று பார்க்க, அவர்களே ஒரு மாதிரிப் பக்கம் வைத்திருந்தார்கள். இந்தி ஒரு வரி, மராத்தி ஒரு வரி, வங்காளம் ஒரு வரி. திரையைக் கீழே நகர்த்தினால், கடைசியில் தமிழ் மட்டும் தனியாக. ஆகா, தமிழ் வந்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தான்.

போன மாதம் சேர்த்த தமிழ். போன வருஷம் செத்தவளின் வரி.

அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"என்ன தினேஷ், நோட்டீஸ் ரெடியா?" என்றபடி சுந்தர் மாமா உள்ளே வந்தார். "அரே வா! தமிழ் வந்துடுச்சே!"

கிட்டே வந்து குனிந்தார். அக்காவின் வரி மேல் அவர் விரல் போய் நின்றது.

"என்ன எழுதியிருக்கு? படி."

தினேஷ் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, பேயைப் பார்த்தவன் மாதிரி முழிக்கிற? படிடா."

மாமாவின் கண் திரையை விட்டு அவன் முகத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. தினேஷ் அவசரமாகத் தேடினான். பொய் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். திரையைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம், அவ்வளவுதான்.

"அவன் படிக்க மாட்டான் மாப்ளே. அக்கா மேல உசுரு அவனுக்கு. நான் படிக்கிறேன்."

அம்மாவின் விரல் 'இஸ்மாயில்' அடியில் ஊன்றியது.

"எங்களைத் தவிக்க விட்டுப்போன லீலாவுக்குக் கண்ணீர் அஞ்சலி. அம்மா, தம்பி, கணவர்."

விரல் கிளியைத் தாண்டி, மராத்தியைத் தாண்டி, 'கடிக்கும்' வரை நிதானமாக நகர்ந்தது. ஆனால் அம்மாவின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. இந்த ஒரு வருஷத்தில் அம்மா அழுது தினேஷ் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சுந்தர் மாமா நிமிர்ந்தார். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார்.

"நல்லா இருக்கு அத்தை. பட்டறை வாசல்ல நானே ஒட்டுறேன். சாயந்திரம் வந்து வாங்கிக்கறேன்."

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது.

இப்போது அம்மா கேட்பாள் என்று தினேஷ் காத்திருந்தான். இது எப்படி இங்கே வந்தது, யார் எழுதியது, அப்படியானால் அவள்...

அம்மா எதையும் கேட்கவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து, தரையில் அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

"ஊர் பேரு எதுவும் எழுதித் தொலைக்கலையே அவ?"

தினேஷ் இல்லை என்று தலையசைத்தான்.

"அப்ப மராத்திய ஆரம்பி" என்றாள் அம்மா. "எழுத்து பெருசா இருக்கட்டும்."