ஹாஜியார் கேட்ட துவக்கு

"மகன், இந்த மூணு துவக்குலயும் ஆகப் பெரிய குண்டு போறது எது?"

கேட்டவர் வெள்ளைத் தொப்பியும் குறுந்தாடியுமாக அறுபதைத் தாண்டிய ஒரு ஹாஜியார். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், பந்து மட்டையோடு காற்றுத் துவக்குகளும் விற்கும் அந்த விளையாட்டுப் பொருள் கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. கடைக்காரன் அஷ்பாக் சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

விடியவே உம்மா போனில் சொல்லியிருந்தாள்: "இன்டைக்கு ஷஸ்னாட வாப்பா கடைக்கு வருவாராம். தான் ஆரெண்டு செல்ல மாட்டார். சாமான் வாங்க வந்த ஆள் மாதிரி நிண்டு, மாப்பிள்ளை எப்பிடியெண்டு பாத்துட்டுப் போவார். அவர் ஓமெண்டா எல்லாம் ஓம். புத்தியா நடந்துக்கோ."

பெண் வீட்டார் இப்படி நோட்டம் பார்க்க வருவது ஒன்றும் புதிதல்ல. ஆனால் அஷ்பாக்குக்கு உயிரே அதில்தான் தொங்கியது. ஷஸ்னாவை அவன் ஒரே ஒரு தடவைதான் கண்டிருக்கிறான். ஹெந்தளையில் கூட்டாளி வீட்டுக் கலியாணத்தில், வட்டிலாப்பத் தட்டோடு கதவைத் திறந்தவள், எதிரே இவன் திகைத்து நின்றதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முயன்று தோற்றுப்போனாள். அன்றிலிருந்து மூன்று மாதமாக அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இதுதான் பெரிசு, ஹாஜியார். பொயின்ட் த்ரீ சீரோ," என்று நீளமானதை எடுத்து மேசையில் வைத்தான். "இது பொயின்ட் டூ ஃபைவ். கடைசியா ஈக்கிறது பொயின்ட் டூ டூ. எயார் ரைபிள்ல இந்த விலைக்கு இதைவிடப் பெரிசு வேற எங்கயும் கிடைக்காது."

"புத்தளத்துல எனக்குத் தோட்டம் ஈக்கு. குரங்கு ஒரு குரும்பையை மிச்சம் வெக்கிறதில்ல. பன்றியும் வருது. அனுமதிப் பத்திரமெல்லாம் கையில ஈக்கு. பெரிசையே எடுப்பமா?"

புத்தளம்! ஷஸ்னா வீட்டுத் தென்னந்தோட்டம் அங்கேதான். சந்தேகமே இல்லை, கொச்சிக்கடையில் பெயர்போன மொத்த வியாபாரியான மாமனாரேதான்.

மாமனாராகப் போகிறவரின் தலையில் சாமானைக் கட்டுவதா? காசாசை பிடித்த சல்லிப் பேய் என்று நினைத்துவிட்டால்? அஷ்பாக் குரலைப் பஞ்சாக்கிக்கொண்டான்.

"பெரிசு வாணாம், ஹாஜியார். அது காத்தைக் குடிச்சுத் தள்ளும். காத்து டாங்கியை ஒருக்கா நிரப்பினா எட்டுப் பத்து வெடிதான். பிறகு பம்ப் அடிச்சே உங்கட கை சோர்ந்து போகும். குண்டும் விலை, சத்தமும் கூட."

"அப்ப நடுவுல ஈக்கிறது?"

"குரங்குக்குப் போதும். பன்றிக்குக் காணாது. காயத்தோட ஓடிக் காட்டுக்குள்ள கிடந்து துடிக்கும். பாவம்தானே?"

ஹாஜியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் அஷ்பாக் உருகிப்போனான். கரையோர ரயில் தடதடத்துப் போக, கடைக் கண்ணாடிகள் மெல்ல அதிர்ந்தன. அவன் அப்போது கடையிலேயே இல்லை. புத்தளத்தில், தென்னை நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தான். ஷஸ்னா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமா சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். குரங்குகள்கூட வரிசையாக மதிலில் உட்கார்ந்து மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மகன்! நான் கேட்டது விளங்கினதா?"

"ஆ... திருப்பிச் செல்லுங்க, ஹாஜியார்."

"பேரன்மார் லீவுக்கு வருவானுகள். போத்தலை வெச்சிக் குறி பாத்து அடிக்க எது நல்லம்?"

"பொயின்ட் டூ டூ. அதுக்கு டாங்கி தேவையில்ல. குழாயை மடக்கி நிமித்தினா வெடிக்கலாம்."

"அப்ப அதைக் கட்டுங்க."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அஷ்பாக் இந்நேரம் கட்டிக் கையில் கொடுத்திருப்பான். இன்றைக்கு மனம் அதற்கு மேலே பறந்தது.

"அவசரப்பட வாணாம், ஹாஜியார். சின்னப் புள்ளைகள். ஈயக்குண்டு கண்ணுல பட்டா? தென்னைக்கு வலையைக் கட்டுங்க. பேரன்மாருக்கு ஒரு கெரம் போர்ட் போதும். அதையும் வாங்க வாணாம், வீட்டுல பழசு ஈக்கும், தேடிப் பாருங்க."

ஹாஜியார் மூன்று துவக்கையும் இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "அப்ப நான் ஒண்டுமே வாங்கத் தேவையில்ல?"

"மனசறிஞ்சு செல்றேன். தேவையில்ல."

இஞ்சி போட்ட பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்து, வாகனம் வரைக்கும் கூடவே போய்க் கதவையும் திறந்துவிட்டான். ஏறும்போது அவர் அவன் தோளைத் தட்டினார். "நல்ல மனிசன் மகன், நீங்க."

அதற்குப் பிறகு கடையில் இருப்புக்கொள்ளுமா? நேரத்தோடு பூட்டிவிட்டுக் கடற்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தான். அலை வந்து வந்து காலை நனைத்தது. கலியாணம், வீடு, மூத்த பிள்ளையின் பெயர் வரைக்கும் முடிவாகிவிட்டது. இரண்டாவது பெயருக்கு வந்தபோது உம்மாவின் போன் வந்தது.

"உம்மா! என்ன செல்லினார்?"

"ஒன்னைத் தங்கமான புள்ள எண்டாராம். இப்பிடி ஒரு நல்ல மனசை இந்தக் கொழும்புல கண்டதே இல்லயாம்."

"அப்ப கலியாணம் எப்ப?"

உம்மா பெருமூச்சு விட்டாள். "பொண்ணைத் தர ஏலாதாம் மகன்."

"ஏனாம்?"

"'காசை மடியில கட்டிக்கொண்டு முக்கா மணித்தியாலம் கெஞ்சினேன். வாங்க வந்தவனையே வெறுங்கையோட அனுப்புறவன் என்ட மகளுக்கு எப்பிடிச் சோறு போடுவான்?' எண்டு கேக்குறாராம்."