ஒரு குழந்தை பாக்கி

"இன்னும் எங்கேஜ்டாத்தான் இருக்கு" என்று நர்ஸ் ரிசீவரை வைத்தாள்.

குமாஸ்தா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தச் சுகாதார நிலையத்தின் தடுப்பூசிப் பதிவு முழுவதும் அவன் பொறுப்பு. மாலை ஐந்து மணிக்குள் அது தொண்ணூறு சதவீதத்தைத் தொட்டால்தான் அவனுடைய தற்காலிக வேலை அடுத்த வருஷமும் நீடிக்கும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்கு இன்னும் ஒரே ஒரு குழந்தைதான் பாக்கி. அதன் அம்மாவோ போனைக் கீழே வைப்பதாக இல்லை.

"காலையிலேர்ந்து பேசறா சிஸ்டர். காது சுடாதா அவளுக்கு?"

"அவ காதை விடுங்க. உங்க வேலைக்குல்ல வேட்டு வைக்கிறா."

நேரில் போகலாமென்றால், ஐந்து நிலையங்களுக்கும் சேர்த்துக் கொடுத்த ஒரே வண்டி வேறெங்கோ இருந்தது. மதிய வெயிலில் நர்ஸ் நடந்தே போய்த் திரும்பிவிட்டாள். பதிவில் இருந்த முகவரி 'மஞ்சள் வீட்டு மாடி'. தெருவில் ஒரு வீடும் மஞ்சளாக இல்லை. யாரோ பெயிண்ட் மாற்றியிருக்க வேண்டும். சொந்த செல்போனில் ஆபீஸ் வேலை பார்த்துப் பார்த்து இருவருக்குமே ரீசார்ஜ் தீர்ந்திருந்தது. மிஞ்சியது மேஜைமேல் இருந்த பழைய போன்தான்.

நர்ஸ் மறுபடி ரீடயலை அழுத்தினாள். அதே ஒலி. யாருமில்லாத வீட்டில் குழாய் சொட்டுவதுபோல அது அறையை நிரப்பியது. அது நின்றால் இருவரில் ஒருவர் மறுபடி அழுத்துவார்; காலையிலிருந்து இதேதான்.

காலையில் அந்தப் பெண் தன் அம்மாவிடம் பேசுவதாகக் குமாஸ்தா முடிவு செய்திருந்தான். மதியம் பேச்சு மாமியாரைப் பற்றித் திரும்பியிருக்கும் என்றான். நாலு மணிக்கு அவனுக்கு அவள் புருஷன்மேலேயே இரக்கம் வந்துவிட்டது. பாவம், அந்த மனுஷன் வீட்டில் வாயைத் திறந்தே பல வருஷமாகியிருக்கும்.

நாலரை மணிக்கு, வியர்த்து விறுவிறுக்க, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள்.

"ரெண்டாவது ஊசி இன்னிக்குப் போடுவீங்களான்னு கேக்க, கடை போன்லேர்ந்து எத்தனை தடவை அடிக்கறது சிஸ்டர்? எப்பப் பார்த்தாலும் எங்கேஜ்டு. அப்படி யாரு இங்க பேசிக்கிட்டே இருக்கறது?"

குமாஸ்தா குழந்தையின் பெயரைக் கேட்டான். அதே குழந்தை. நர்ஸ் ஊசி போட்டாள். குழந்தை வீறிட்டது. அவன் ஒரு பட்டனைத் தட்டினான். திரையில் தொண்ணூறு வந்தது.

வேலை தப்பியதும் அவனுக்குக் கோபம் வந்தது.

"நாங்க பேசறோமாம்மா? காலையிலேர்ந்து உன் போன்தான் எங்கேஜ்டு. அவசரத்துக்கு ஒருத்தர் கூப்பிடுவாங்கன்னு அதைக் கொஞ்சம் கீழ வைக்கக் கூடாதா?"

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏது சார் போன்? நம்பர் இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காதுன்னு, நீங்கதானே அன்னிக்கு இந்த மேஜை போன் நம்பரையே போட்டு வச்சீங்க?"