ஃபெம்கே என்றொரு டூலிப்

"உன் பேரை ஒரு பூவுக்கு வைக்கிறானாம். அதுவும் கல்யாணத்துக்கு முந்தின பேரை! யாரு அந்த ஆளு?"

காரை ஓட்டிக்கொண்டே யோரிஸ் இதை ஏழாவது தடவையாகக் கேட்டான்.

"சத்தியமா தெரியாது யோரிஸ். தெரியாததாலதானே நேர்ல போய்க் கேக்கப் போறோம்" என்றாள் அவன் மனைவி ஃபெம்கே.

"உன்கிட்ட பல்லு பிடுங்க வந்த ஆளா?"

"பல்லைப் பிடுங்குறது டாக்டர். நான் டோக்கன் குடுக்குறவ. டோக்கன் குடுத்ததுக்கெல்லாம் யாரும் பூவுக்குப் பேரு வைக்க மாட்டாங்க."

கடிதம் அவள் மடியில் இருந்தது. பூக்கிழங்குச் சங்கம் அனுப்பியது. ஹில்லெகோம் என்ற ஊரில் லேண்டர்ட் என்ற விவசாயி புது ரக டூலிப் ஒன்றை உருவாக்கியிருக்கிறார், அதற்கு 'ஃபெம்கே ஹோக்லாந்து' என்று பெயரிட விரும்புகிறார், உயிரோடு இருப்பவரின் பெயர் என்பதால் சம்மதக் கையெழுத்து வேண்டும். கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. யார் என்று தெரியாமல் போடக் கூடாது என்று யோரிஸ் ஒற்றைக் காலில் நின்றதில், கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. தவறினால் அந்தப் பூவுக்கு இந்த வருடம் பதிவே கிடையாது.

கொட்டகை வாசலில் மரச்செருப்போடு லேண்டர்ட் காத்திருந்தார். எழுபதைத் தாண்டிய கிழவர். யோரிஸுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. அப்புறம், இருபது வருடத்துக்கு முன்பு இவருக்கு ஐம்பதுதானே இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து மறுபடி முறைக்க ஆரம்பித்தான்.

காபி வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கெட் எடுத்ததும், அந்த ஊர் வழக்கப்படி டப்பா மூடிக்கொண்டது.

"முதல்ல பூவைப் பாரும்மா. மத்தது அப்புறம்" என்று கிழவர் வயலுக்குக் கூட்டிப் போனார்.

நாலு பாத்தி நிறைய நின்றது. அடர்ந்த கத்தரிக்காய் நிறம். இதழின் விளிம்பில் மட்டும் நூல் பிடித்தது போல வெள்ளை. ஃபெம்கே குனிந்து ஒரு பூவின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை அழகான ஒன்றுக்கு யாராவது தன் பெயரை நினைப்பார்கள் என்று அவள் கனவில்கூட எண்ணியதில்லை.

"பூ கிடக்கட்டும் பெரியவரே. இவளை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் யோரிஸ்.

"தெரியாது தம்பி. இன்னிக்குத்தான் மூஞ்சியைப் பாக்குறேன்."

"பாக்காமலேயே பேரு வைக்கிறீங்களா? எந்தப் புருஷன் நம்புவான்?"

கிழவர் சிரித்துக்கொண்டே ஒரு கிழங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் தொழிலுக்கு ஆகாத குணம் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு. விதை போட்டு, அது கிழங்காகி, முதல் பூ வர ஆறு வருஷம். வந்ததும் நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதைப் பிடுங்கிக் குப்பையில போட்டுடணும். எனக்குத்தான் மனசு வராதே! நானூறு செடி பூத்து நின்னுச்சு. இதுவும் அழகு, அதுவும் அழகுன்னு சுத்திச் சுத்தி வருவேன். 'ஒண்ணு அந்த நானூறு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு என் பொண்டாட்டி பெட்டியைக் கட்டிட்டா."

"அப்புறம்?" ஃபெம்கே பக்கத்தில் வந்து நின்றாள்.

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சும்மா. இதே ஏப்ரல். சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், கால்வாய்க் கரைப் பக்கம் டமால்னு சத்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரெண்டு, ஒரே சைக்கிள்ல வந்து அந்த நானூறும் நின்ன பாத்தி மேல விழுந்து உருண்டு, நான் போட்ட சத்தத்துல அங்கயும் இங்கயும் மிதிச்சுக்கிட்டு ஓடுதுங்க. மிதிபட்ட இலையில பூஞ்சை விழுந்துச்சு. கோடைக்குள்ள எல்லாக் கிழங்கும் அழுகிப் போச்சு. தப்பிச்சது ஒண்ணே ஒண்ணு. அதோட வம்சம்தான் இது. நானூறும் இருந்திருந்தா இதை நான் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். பொண்டாட்டியும் பெட்டியைப் பிரிச்சுட்டா."

ஃபெம்கே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தியில ஒரு புத்தகப் பை கிடந்துச்சு. நோட்டு மேல உன் பேரு. சண்டை போடப் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். பின்னால உக்காந்து வந்த பொண்ணு என்னம்மா பண்ணும்னு திரும்பிட்டேன்."

யோரிஸ் அவசரமாக முன்னால் வந்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மனைவியின் கையில் திணித்தான். "போட்டுக் குடு. நேரமாச்சு, கிளம்பலாம்" என்றான்.

அவள் கிழங்குப் பெட்டி மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சந்தோஷத்தில் எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது. கிழவர் அதை வாங்கி ஊதிக் காயவைத்தார்.

"உன் மேல கோபம் அன்னிக்கே போயிடுச்சும்மா. அந்தப் பையன் மேலதான் இன்னும் ஆறல. ஓட்டிட்டு வந்து கவுத்துப் போட்டுட்டு, கால் பிசகி நொண்டிக்கிட்டு ஓடின உன்னைத் திரும்பிக்கூடப் பாக்காம முதல் ஆளா வேலியைத் தாண்டினான் பாரு, அவன் யாரும்மா? இப்ப எங்க இருக்கான்?"

ஃபெம்கே சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதோ இவன்தான் என்று கையைக் காட்டுவதற்காகப் பின்னால் திரும்பினாள். இந்தத் தடவையும் அவளை அப்படியே விட்டுவிட்டு, யோரிஸ் காரை நோக்கிப் பாதி வயலைத் தாண்டியிருந்தான்.