தூங்கியவள் பார்த்தது

“சத்தியமா நான் எழுதலைங்க!”

“நீ எழுதாம உன் ஆவி வந்து எழுதுச்சா?” கையிலிருந்த வாரப் பத்திரிகையைக் கட்டிலில் வீசினான் மாறன்.

மாறனுக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை. காலையில் அவன் மேசையில் இந்தப் பத்திரிகையை விரித்து வைத்து, “சார், உங்க வீட்டு ரகளை அச்சுலயே வந்துடுச்சு!” என்று செக்‌ஷனே சிரித்திருக்கிறது. பாவம், அரை நாள் லீவு போட்டுவிட்டு அடி அண்ணாமலைக்கு ஓடி வந்துவிட்டான்.

“சித்ரா பௌர்ணமிக்கு மலை சுத்த வந்தப்ப, எங்க ஆபீஸ் ஆளுங்க எதிர்லதானே அம்மா உன்னைத் திட்டுச்சு? அவங்களுக்குத் தெரியாதா, இது யாரு வீட்டுக் கதைன்னு?”

“குடுங்க, நான் இன்னும் படிக்கவே இல்ல” என்று பத்திரிகையை எடுத்தாள் எழில்.

‘அருணைச்செல்வி’ என்ற பெயரில் யாரோ எழுதிய கதை. ஒரு மருமகள், ‘நான்’, ‘நான்’ என்று தானே சொல்லிக்கொண்டு போகிறாள். பௌர்ணமிக் கூட்டம். மாமியாரின் டீக்கடை. மருமகள் பராக்குப் பார்த்ததில் ஓர் அண்டா பால் அடிப்பிடித்துப் போகிறது. ‘பி.ஏ. படிச்சவளுக்குப் பால் தீயற வாசனை தெரியாதா?’ என்று அத்தனை பேர் நடுவில் மாமியார் கத்துகிறாள். இந்த வீட்டில் நடந்தது அப்படியே, ஒரு சொட்டுக் குறையாமல்!

படிக்கப் படிக்க எழிலுக்குப் பயம் போய் வாய் பிளந்தது.

“அடேங்கப்பா! ‘குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் என் அழுகை யாருக்கும் கேட்காது.’ என்னங்க இது? நான் அழுதது உங்களுக்கே தெரியாதே!”

“எனக்கே தெரியாது. அதனாலதான் சொல்றேன், நீதான் எழுதினன்னு. காலேஜ்ல கதை எழுதினவதானே நீ?”

“எனக்கு இவ்ளோ நல்லா வராதுங்க. அன்னிக்கு எனக்கு வலிச்சது திட்டினதுக்காக இல்ல. கடன் வாங்கி எங்கப்பா படிக்க வெச்ச படிப்பை இழுத்தாங்களே, அதுக்குத்தான். அதைக்கூடப் புரிஞ்சிக்கினு எழுதியிருக்காங்க. யாரோ மகராசி, என் மனசுக்குள்ள பூந்து பார்த்த மாதிரி!”

“மகராசியா? அம்மா படிச்சா தெரியும் சேதி!”

சொல்லி வாய் மூடவில்லை, கடையிலிருந்து ஜோதியம்மாள் உள்ளே வந்தாள். போண்டா மடிக்க வாங்கும் பழைய பத்திரிகையைக்கூடப் படித்து முடிக்காமல் கிழிக்க விடாத மனுஷி அவள். மாறன் வெடுக்கென்று பத்திரிகையைப் பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

“என்னடா, அடைகாக்கிற கோழி மாதிரி உக்காந்துகினு இருக்கே? ஆமா, டவுனுக்குப் போனியே, இந்த வாரப் புஸ்தகம் வாங்கினு வந்தியா?”

“தீ... தீந்துபோச்சும்மா.”

“ப்ச்!” ஜோதியம்மாளின் முகம் தொங்கிப்போனது. வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

“கேட்டியா?” மாறன் குரலைத் தாழ்த்தினான். “எப்படியும் பக்கத்துக் கடை பொன்னி கொண்டாந்து காட்டிடுவா. அதுக்கு முன்னால நீயே ஒத்துக்கினு கால்ல விழுந்துடு. இல்லன்னா அம்மா உன்னை இந்த வீட்டுல வெச்சுக்காது. போளூர்ல உங்கப்பா வீட்டுலதான் கொண்டுபோய் விடணும்.”

எழிலுக்குக் கண் கலங்கிவிட்டது. செய்யாத தப்புக்கு எப்படிக் காலில் விழுவது? பத்திரிகையைத் திரும்ப வாங்கி, மீதிக் கதையைப் படித்தாள்.

‘விடிந்து கூட்டம் ஓய்ந்தது. நான் பாயில் சாய்ந்ததும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டேன். மலைக்குப் பின்னாலிருந்து வெயில் ஏறியது. அத்தை கொல்லையில் தனியாக நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணாமலையாரே, அந்தப் பொண்ணு மனசை நோகடிச்சுட்டேனே, இந்த வாயை அடக்க மாட்டியா என்று கேட்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.’

எழில் அந்த வரிகளை இன்னொரு முறை படித்தாள்.

“ஏங்க, தூங்கறவளுக்கு இது எப்படித் தெரியும்?”

“கதைன்னா அப்படி இப்படித்தான் இருக்கும்.”

“அது எப்படி? ‘நான்’னு சொல்ல ஆரம்பிச்சா, நான் பார்த்தது, கேட்டதோட நிக்கணும். என் கண்ணு மூடிட்டா கதையும் அங்கேயே...” பாதியில் நிறுத்திவிட்டு, பத்திரிகையோடு சமையல்கட்டுக்கு நடந்தாள் எழில்.

“ஏய், அதை எடுத்துக்கினு எங்க போற?” பதறிக்கொண்டு பின்னாலேயே ஓடினான் மாறன்.

ஜோதியம்மாள் அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். எழில் எதிரில் உட்கார்ந்து பத்திரிகையைத் தரையில் வைத்தாள்.

“அத்தை, இதுல ஒரு கதை வந்திருக்கு. என்னா கதை தெரியுமா! அந்த மருமவ நானேதான். படிச்சிட்டு அழுதுட்டேன்.”

ஜோதியம்மாள் நிமிரவே இல்லை.

“ஒரே ஒரு எடத்துலதான் கோட்டை விட்டுட்டாங்க. மருமவ தூங்கிட்டா. தூங்கறவ, மாமியார் கொல்லையில நின்னு அழுததை எப்படிப் பார்த்தா?”

அரிந்துகொண்டிருந்த கை நின்றது.

“அம்மா, அது வந்து... அவ ஏதோ தெரியாம...” என்று இழுத்தான் மாறன்.

“அட, ஆமாம்ல!” நாக்கைக் கடித்துக்கொண்டாள் ஜோதியம்மாள். “கதை பூரா உன் கண்ணாலதான் பார்த்து எழுதினேன் எழிலு. அந்த எடத்துல மட்டும் என் கண்ணு முந்திக்கிச்சு.”