மொட்டைமாடியில் எட்டுக் கண்ணாடிகள்

ஏழரைக்குத் தெரு முழுக்க இருண்டது. ஆவுடையம்மாள் சமையலறை வாசலில் நின்று, விடுதியின் விளக்குகள் எப்போது அணையும் என்று காத்திருந்தாள்.

இன்றைக்கு அணைந்தே தீரும். மூன்று நாள் ஆகிவிட்டதே.

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்த அரைமணி நேரப் பவர்கட் தினமும் உண்டு. ஜூ டவுன் கடைக்காரர்கள் மெழுகுவத்தியைத் தேடுவார்கள். பழைய மிளகுப் பண்டகசாலையாக இருந்த இந்த விடுதியில் மட்டும் எல்லா விளக்கும் ஜம்மென்று எரியும். சூரியனால் எரியும் விடுதி என்று வாசலில் பலகையே மாட்டியிருந்தார் முதலாளி ராமபத்ரன். அந்த அரைமணியைப் பார்க்கவே வெள்ளைக்காரர்கள் வந்து தங்கினார்கள்.

மொட்டைமாடியில் இருக்கும் எட்டு சோலார் கண்ணாடிகளை இரண்டு வருஷமாகத் தினம் காலையில் துடைப்பவள் ஆவுடையம்மாள்தான். காக்கை எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டால் நகத்தால் சுரண்டி எடுப்பாள்.

போன வாரம் அவள் அறையின் மின்விசிறியை முதலாளி கழற்றிவிட்டார்.

“கரண்ட் லாபிக்கணும், மிச்சம் பிடிக்கணும் ஆவுடையே. சூரியன் தர்றத அளந்துதான் செலவாக்கணும், கேட்டியா?”

அந்த அறையில்தான் அவள் புருஷன் பாலையா கிடக்கிறான். விடுதியின் காவல்காரன். இதே விடுதியின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப்போய் வழுக்கி விழுந்தவன். இடது கால் முழுக்க மாவுக்கட்டு. சித்திரைப் புழுக்கத்தில் கட்டுக்குள் வேர்வை ஊறி, அரிப்புத் தாங்காமல் பல்லைக் கடிக்கிறான். இவள் கை ஓய்கிறவரை பழைய காலண்டர் அட்டையால் விசிறுகிறாள். அவருக்காக விழுந்தவனுக்கு ஒரு விசிறிக் காற்றுக்கூடக் கிடையாதா?

ஆத்திரம் மண்டைக்கு ஏறிவிட்டது. சும்மா விடுவாளா?

திங்கட்கிழமை, துவைத்த படுக்கை விரிப்புகளை அவள் கொடியில் போடவில்லை. இரட்டையாக மடித்து எட்டுக் கண்ணாடிகளின் மேலும் விரித்தாள். பறக்காமல் செங்கல் வைத்தாள். பொழுது சாய்ந்த பிறகுதான் எடுத்தாள். செவ்வாயும் அப்படியே. இன்றும் அப்படியே. ராமபத்ரனுக்கு முட்டிவலி, மாடி ஏறமாட்டார்.

வெயில் படாவிட்டால் பேட்டரி இரண்டு நாள்தான் தாங்கும் என்று விருந்தாளிகளிடம் அவர் வாயாலேயே சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர்கள் முன்னால் அவர் திருதிருவென்று முழிப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். வேலை போனாலும் போகட்டும்.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று.

ஒரு விளக்குகூட மங்கவில்லை. கூடத்தில் வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

இது எப்படி? மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பேட்டரி அறைக்குப் போனாள். அதற்குள் யாரும் போகக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. தாழ்ப்பாளை நீக்கினாள்.

பேட்டரியின் ஒயர் சுவரில் இருந்த பிளக்கில் செருகியிருந்தது. தெருவுக்கே வருகிற அதே கரண்டைத்தான் அது பகலெல்லாம் குடித்து வைத்திருக்கிறது. மாடியிலிருந்து இறங்கிய ஒயர் எதிலும் சேரவில்லை. சுருட்டிக் கயிறு கட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அவள் அறை விசிறி சூரியனைத் தின்னவில்லை. அவருடைய கரண்ட் பில்லைத்தான் தின்றிருக்கிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இந்தப் பாவி எட்டுப் பூசணிக்காயை மறைத்து, அவளையே விட்டுத் துடைக்கவும் வைத்திருக்கிறான்.

இந்த மூன்று நாளும் வந்தது கோபமே இல்லை. இப்போதுதான் வந்தது.

மறுநாள் காலை, கண்ணாடிகளைப் பார்க்க ஆசைப்பட்ட விருந்தாளிகளோடு ராமபத்ரன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். எட்டின் மேலும் ஈரத்துணி. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

ஆவுடையம்மாள் அவர் கண்ணைப் பார்த்தபடியே, கடைசி விரிப்பின் மேல் நிதானமாகச் செங்கல்லை வைத்தாள்.

“நாலு நாளா இப்படித்தான் காயப்போடுதேன் மொதலாளி. வெளக்கு ஒண்ணும் கொறஞ்ச மாதிரி தெரியல. ஃபேன எப்ப மாட்டுவீக?”

அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வெள்ளைக்காரி ஆவலாகக் கேட்டாள்.

ராமபத்ரன் ஆவுடையம்மாள் அறைக்கு ஏணியை எடுத்துப் போகச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார்.